மில்லுக்கு உள்ள கணக்கு சர்வருக்கும் வேண்டும்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மின் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறார். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மின்சாரத்தை ஏராளமாக இழுக்கின்றன, அரசு அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும் என்று அவருடைய கல்லூரியில் பேசிக்கொள்கிறார்களாம். கப்பலூர் சிட்கோவில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்தும் அவருடைய மாமாவோ, "கட்டுப்பாடு போட்டால் ஒரு கம்பெனியும் தெற்கே வராது" என்கிறாராம். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

தம்பி, நான் மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்து நூற்பாலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்து வயதானவன். சர்வர் என் தொழில் இல்லை. ஆனால் தரவு மையம் என்கிற ஒரு சர்வர் கூடத்தின் மின்சாரக் கணக்கும் ஒரு மில்லின் மின்சாரக் கணக்கும் ஒரே பாடம்தான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமாவின் பயத்தைப் பற்றி. நம்மூர்த் தொழில்காரர்களுக்கு "மின் கட்டுப்பாடு" என்றால் ஒரே ஒரு ஞாபகம்தான் வரும். 2008 நவம்பரில் உயர் மின்னழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை விளக்கு எரிக்க மட்டும்தான் அனுமதி, இயந்திரம் ஓட்டக் கூடாது. கூட்டியும் குறைத்தும் 2015 வரை அது நீண்டது. வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே கரன்ட் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கதிர்கள் (நூல் சுற்றும் ஸ்பிண்டில்கள்) எல்லாம் ஒரே நேரத்தில் நிற்க, நூல் வரிசை வரிசையாக அறுந்தது. திரும்ப ஓட்டும்போது ஒவ்வொரு கதிராக இழையைக் கட்ட வேண்டும். அந்த ஷிஃப்டில் இருந்த பெண்கள் விடியும்வரை அதைத்தான் செய்தார்கள். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் நூல் விற்கிற விலை எரிபொருளுக்கே சரியாகப் போனது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் சின்ன மில்கள் மூடின. அதைப் பார்த்தவர் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கே அஞ்சுவதில் தப்பு இல்லை.

ஆனால் அது பற்றாக்குறை வந்து கழுத்தைப் பிடித்த பிறகு, கைக்கு எட்டியவர் மேல் போட்ட வெட்டு. நாம் இப்போது பேசவேண்டியது அந்த நிலைமை திரும்ப வராமல் இருக்க முன்கூட்டியே போடும் விதிகளைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பம்.

அடுத்து அளவு. இதிலும் ஒரு தவறான பேச்சு உலாவுகிறது: நாம் ஏஐயிடம் ஒரு கேள்வி கேட்டால் ஊர் மின்சாரமே போய்விடும் என்பது போல. அப்படி இல்லை. கூகுள் 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்ட கணக்குப்படி அதன் ஏஐயான ஜெமினியிடம் கேட்கும் நடுத்தரமான (மீடியன்) எழுத்துக் கேள்வி ஒன்றுக்கு 0.24 வாட் மணி. அதாவது அப்படிப்பட்ட ஆயிரம் கேள்வி கேட்டால் சுமார் கால் யூனிட். படம், காணொளி உருவாக்கினால் கூடும், ஆனாலும் உங்கள் பாடச் சந்தேகத்தை ஏஐயிடம் கேட்பதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பிரச்சினை, கோடிக்கணக்கான அந்தச் சின்னச் சின்னக் கேள்விகளும், அவற்றுக்குப் பதில் சொல்லும் ஏஐ மாதிரிகளுக்கு (மாடல்களுக்கு) கொடுக்கும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ், ஒரே துணை மின் நிலையத்தின் தலையில் வந்து உட்காருவது.

என்விடியாவின் எச்100 என்ற ஒரு சிப் மட்டும் 700 வாட் இழுக்கும். அதற்கு அடுத்த தலைமுறைச் சிப்கள் 72 அடுக்கிய ஒரு ரேக், ஒரு பீரோ அளவுதான் இருக்கும், சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. பத்து ரேக் வைத்தால் ஒரு நடுத்தர நூற்பாலை முழுவதும் இழுக்கும் லோடு வந்துவிடும். அதையும் ஒரு படுக்கையறை அளவு இடத்தில்.

இப்போது 100 மெகாவாட் மையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று உலகத்தில் கட்டப்படுபவற்றில் அது பெரியதே இல்லை. முழு லோடில் ஒரு நாளுக்கு 24 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் நம்மூர் வீடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு மூன்றே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. வகுத்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் வீடு. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30.38 லட்சம். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் ஏழரை லட்சம் வீடு. மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை, அலங்காநல்லூரிலிருந்து திருமங்கலம் வரை அத்தனை வீட்டு விளக்கும் விசிறியும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து இழுப்பதை ஒரே வளாகம் இழுக்கும். அதுவும் தீபாவளி, பொங்கல் பார்க்காமல்.

உலக அளவில், சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் சொன்னது: 2024இல் எல்லாத் தரவு மையங்களும் சேர்ந்து சுமார் 41,500 கோடி யூனிட், உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030இல் அது 94,500 கோடி யூனிட்டாகும் என்பது அதன் மதிப்பீடு. ஒன்றரை சதவீதம்தானே என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அது உலகம் முழுக்கப் பரவி விழுவதில்லை. அயர்லாந்தில் 2023இல் அளவிடப்பட்ட மின்சாரத்தில் 21 சதவீதத்தைத் தரவு மையங்கள் எடுத்துக்கொண்டன. அந்த நாட்டின் நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். அதனால்தான் டப்ளின் வட்டாரத்தில் புதிய இணைப்பு கிடைப்பதே அரிதாகிவிட்டது. கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டால், கடைசியில் கதவையே சாத்தவேண்டி வரும் என்பதற்கு அதுதான் சாட்சி.

சரி, என்ன மாதிரி விதி வேண்டும்? எனக்கு முக்கியமாகப் படுவது பணம் யார் கட்டுகிறார்கள் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் மாமாவின் பட்டறை உயர் மின்னழுத்த இணைப்பாக இருந்தால் பில்லை வாங்கிப் பாருங்கள். எரித்த மின்சாரத்துக்கான யூனிட் கட்டணம் தனி, ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச லோடுக்கான டிமாண்ட் கட்டணம் தனி. அந்த மாதம் பட்டறை ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம் அல்லது மீட்டர் பதிவுசெய்த டிமாண்ட், எது அதிகமோ அதற்குப் பணம் கட்டவேண்டும். மோல்டிங் ஆர்டர் இல்லாத மாதத்திலும் அவர் இதற்குக் கட்டியிருப்பார், திட்டிக்கொண்டே கட்டியிருப்பார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவருக்காக மின்வாரியம் லைன் போட்டிருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறது, உற்பத்தியை ஒதுக்கி வைத்திருக்கிறது. அவர் பயன்படுத்தாவிட்டால் அந்தச் செலவு பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2025இல் ஏஇபி ஒஹாயோ என்ற மின் நிறுவனத்திடம் இணைப்புக் கேட்கும் தரவு மையங்களுக்குக் கொண்டுவந்தது இதே பாடத்தைத்தான். 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புதிய மையம், தான் கேட்ட அளவில் குறைந்தது 85 சதவீதத்துக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், 12 வருடம் வரை பணம் கட்டவேண்டும். நம்முடைய 90 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் கொடுமை இல்லை. வித்தியாசம் அந்த 12 வருடத்தில் இருக்கிறது. சிப் தலைமுறை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, துணை மின் நிலையமோ முப்பது வருடத்துக்குக் கட்டப்படுவது. ஐந்தாவது வருடம் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டால், நிற்கும் 230 கே.வி. உயரழுத்த லைனுக்கு யார் கடன் அடைப்பது? டிமாண்ட் கட்டணம் என்ற தத்துவம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. பெரிய லோடுக்கு அதன் காலத்தை நீட்டி, முன்பணமோ வங்கி உத்தரவாதமோ வாங்கிவிட்டால் போதும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 13 மாநிலங்களுக்கு மின்சாரம் பகிரும் பிஜேஎம் என்ற அமைப்பில், உற்பத்தித் திறனை ஒதுக்கி வைப்பதற்கான ஏல விலை ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளுக்கு 28.92 டாலரிலிருந்து அடுத்த ஆண்டுக்கான ஏலத்தில் 269.92 டாலராக ஏறியது. பழைய மின் நிலையங்கள் மூடப்பட்டதும் ஒரு காரணம்தான், ஆனால் தரவு மையத் தேவை பெரிய காரணம். அந்தச் செலவு வீட்டுப் பில் வரை இறங்கியது. நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. தரவு மையம் கடலடிக் கேபிள் கரையேறும் சென்னையைத்தான் முதலில் தேடும், மதுரையை அல்ல. ஆனால் சிறுசேரியில் ஏறும் லோடும் செல்லூர் விசைத்தறியில் ஓடும் லோடும் ஒரே மாநில மின் தொகுப்பிலிருந்துதான் (கிரிட்) வருகின்றன. கட்டண ஆணையும் ஒன்றுதான்.

அப்புறம் நேரம். இதில்தான் எனக்கு உண்மையில் நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் தரவு மையத்திடம் மில்லுக்கு இல்லாத ஒரு சௌகரியம் இருக்கிறது. ஓடுகிற கதிரை நிறுத்தினால் நூல் அறும். ஒரு மாதிரிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை அந்தக் கட்டம் வரை சேமித்துவிட்டு நிறுத்தலாம், நாலு மணி நேரம் கழித்து அதே இடத்திலிருந்து தொடரலாம். பொதுமக்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் சர்வரை அப்படி நிறுத்த முடியாது. ஆனால் பயிற்சி வேலை, இரவோடு இரவாகச் செய்யும் மொத்தக் கணக்கு வேலை எல்லாம் பொறுக்கும். கூகுள் 2025இல் இண்டியானாவிலும் டென்னசியிலும் உள்ள மின் நிறுவனங்களோடு இப்படிக் குறைத்துக்கொள்ள ஒப்பந்தமே போட்டிருக்கிறது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஒரு கணக்குப் போட்டார்கள். பெரிய லோடுகள் வருடத்தில் கால் சதவீத அளவுக்கு மட்டும் தங்கள் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டால், அமெரிக்க மின் தொகுப்பு புதிதாக 76,000 மெகாவாட் லோடைத் தாங்கும் என்று. கால் சதவீதம் என்றால் வருடத்துக்கு சுமார் 22 மணி நேர அளவு.

நம் மாநிலத்துக்கு இது இன்னும் பொருந்தும். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நண்பகலில் கொட்டிக் கொடுக்கும், மாலை ஆறு மணிக்கு ஒன்றும் இருக்காது. ஆடிக் காற்றில் கம்பம் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை சுற்றித் தள்ளும். சில நாட்களில் எடுக்க ஆளில்லாமல் நிறுத்தச் சொல்வார்கள். மார்கழியில் அதே காற்றாலை சும்மா நிற்கும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மின்வாரியத்தை உண்மையில் திணறடிப்பது அப்படிப்பட்ட கோடைநாட்களின் சில மணி நேரங்கள்தான். வெயில் நேரத்திலும் காற்றுப் பருவத்திலும் முழு வேகத்தில் ஓடி, ஏப்ரல், மே மாத இரவுகளில் இறங்கிக்கொடுக்கும் தரவு மையம் நமக்குச் சுமை இல்லை, உதவி. இறங்க மறுக்கும் மையம்தான் சுமை. அதனால் இணைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்: நெருக்கடி நேரத்தில் இத்தனை சதவீதம் குறைப்பேன் என்று. டெக்சாஸ் 2025இல் 75 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய லோடுகளுக்குச் சட்டமாகவே போட்டிருக்கிறது. அவசரநிலையில் அவை இறங்கியாக வேண்டும்.

2008 ஞாபகம் இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. திரும்பவும் ஒரு பற்றாக்குறை வந்தால் யார் முதலில் இறங்குவது என்ற வரிசை இப்போதே எழுதப்படாவிட்டால், அன்றைக்கு யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ அவர் கடைசியில் இறங்குவார். மும்முனை மின்சாரத்துக்காக ராத்திரி பம்புசெட் அருகே காத்திருந்த விவசாயிக்கும், கூலிக்கு நூல் ஓட்டிய மில்லுக்கும் அது நன்றாகத் தெரியும்.

நீங்கள் மின் பொறியியல் படிப்பதால் ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்கிறேன், பொதுப் பேச்சில் இது வருவதே இல்லை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் ஒரு 230 கே.வி. லைனில் பழுது வந்தது. மின்னழுத்தம் கண நேரம் திரும்பத் திரும்ப இறங்கியதும், அங்குள்ள தரவு மையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே மூச்சில் சொந்த பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் மாறிவிட்டன. தொகுப்பிலிருந்து சுமார் 1,500 மெகாவாட் லோடு ஒரே நேரத்தில் காணாமல் போனது. தொகுப்பின் அலைவெண் (ஃப்ரீக்வென்சி) ஏறியது, ஆனால் சமாளித்துவிட்டார்கள். லோடு போனாலும் ஆபத்துதான் என்பது நமக்குப் பாடத்தில் உண்டு, இந்த அளவில் நடந்து பார்த்ததில்லை. காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் "சின்ன அதிர்ச்சிக்குத் தொகுப்பை விட்டுப் போகாதே" என்ற தொழில்நுட்ப விதி இருக்கிறது. அதே விதி பெரிய லோடுக்கும் வேண்டும். மத்திய மின்சார ஆணையம்தான் இணைப்புக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுக்கிறது. உங்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

திறன் பற்றிய விதியை எல்லோரும் முதலில் சொல்வார்கள், நான் பின்னால்தான் வைப்பேன். பியூஇ என்று ஒரு விகிதம் இருக்கிறது. மையம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, சர்வருக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுப்பது. 1.5 என்றால் சர்வருக்கு ஒரு யூனிட் போகும்போது குளிரூட்டலுக்கும் மற்றதுக்கும் அரை யூனிட் போகிறது. ஜெர்மனி 2023இல் போட்ட சட்டத்தில், 2026 ஜூலையிலிருந்து தொடங்கும் புதிய மையங்களுக்கு 1.2 வரம்பு. அதை அப்படியே எடுத்து இங்கே ஒட்டக் கூடாது. அங்கே பாதி வருடம் வெளிக்காற்றே குளிரூட்டும். மதுரைச் சித்திரையில் வெளிக்காற்றை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நமக்குச் சரியான முன்மாதிரி சிங்கப்பூர். அதுவும் வெக்கை ஊர். 2019இல் புதிய மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்து, 2022இல் 1.3 வரம்போடு திறந்தது. அறையை நடுங்க நடுங்கக் குளிர வைக்காமல் 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயக்கத் தனித் தரமும் வகுத்தது.

ஆனால் பியூஇ எண்ணை மட்டும் பிடித்துத் தொங்கினால் தண்ணீரில் ஏமாறுவோம். கூலிங் டவரில் தண்ணீரை ஆவியாக்கினால் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்துக்கு மின்சாரம் குறையும், விகிதம் அழகாகத் தெரியும். பரவலாகச் சொல்லப்படும் சராசரி யூனிட்டுக்கு 1.8 லிட்டர். நம் 100 மெகாவாட் மையத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது லட்சம் லிட்டருக்கு மேல். முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி இருக்கும் ஊருக்கு அது சின்ன விஷயமா? மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒரே படிவத்தில் காட்டச் சொல்லவேண்டும். எடுத்தால் சுத்திகரித்த கழிவுநீர்தான் என்று விதிக்கவேண்டும். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தொழிற்சாலைகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

பசுமை மின்சாரம் என்று கம்பெனிகள் சொல்வதை நம்மூர் மில்காரர் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். காற்றாலை வைத்திருப்பவர் ஆடியில் கிடைத்த யூனிட்டை வாரியத்தில் "பேங்கிங்" செய்து மாசியில் எடுத்த கதைதான். கணக்குப் புத்தகத்தில் நேராகிவிடும். ஆனால் மாசி இரவில் அந்த யூனிட்டை உண்மையில் எரித்துக் கொடுத்தது தூத்துக்குடி நிலக்கரி. வருடக் கணக்கில் நூறு சதவீதம் பசுமை என்பதை ஏற்காமல், மணிக்கு மணி கணக்குக் காட்டச் சொன்னால்தான் பேட்டரியும் நீரேற்று மின் திட்டமும் வரும்.

இதெல்லாம் செய்ய நம்மிடம் சட்டம் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இருக்கிறது. 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2012இல் தொடங்கிய திட்டத்தில் எட்டுத் துறைகளுக்கு இலக்கு வைத்தார்கள். ஜவுளி அதில் ஒன்று. ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியை எடுக்கும் ஆலை வளையத்துக்குள் வந்துவிடும். மின்சாரமாகவே கணக்கிட்டால் அது சராசரியாக 4 மெகாவாட்தான். 4 மெகாவாட் நூற்பாலைக்கு இலக்கு கொடுத்து, என்னைப் போன்றவர்களை அனுப்பி மோட்டார் மோட்டாராகச் சரிபார்த்தார்கள். அந்த எட்டில் தரவு மையம் இல்லை. இன்றைக்கு ஒரே வளாகம் அந்த மில்லைப்போல் இருபத்தைந்து மடங்கு இழுக்கிறது. 2022இல் மத்திய அரசு, 5 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள தரவு மையங்களுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கொடுத்தது, கடன் எளிதாகக் கிடைக்கட்டும் என்று. சலுகைக்குக் கோடு கிழித்தாயிற்று அல்லவா, அதே 5 மெகாவாட் கோட்டிலிருந்து கணக்குக் காட்டும் கடமையும் தொடங்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 500 கிலோவாட்டிலிருந்தே கேட்கிறது.

மாமா சொல்லும் வேலைவாய்ப்புக்கு வருகிறேன். கட்டும்போது பல நூறு பேருக்கு வேலை. ஓடத் தொடங்கியபின் அத்தனை பெரிய வளாகத்துக்கும் சில டஜனிலிருந்து சில நூறு பேர் போதும். அதில் பாதி காவலும் பராமரிப்பும். ஒரு நூற்பாலை அதில் ஐம்பதில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே அளவு குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மாட்டுத்தாவணியில் வரும் டைடல் பார்க்கில் உட்கார்ந்து ஏஐ வேலை செய்யப்போகும் பிள்ளைகளுக்கு சர்வர் பக்கத்துத் தெருவில் இருக்கவேண்டிய அவசியமும் இல்லை, ஃபைபர் இருந்தால் போதும். தெளிவான விதி இருந்தால் கம்பெனி ஓடிவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. சிங்கப்பூரில் விதி கடுமையான பிறகும் இடத்துக்குப் போட்டிதான். முதலீடு செய்பவர் அஞ்சுவது 2008 போல நடு ராத்திரியில் வரும் உத்தரவுக்கு.

ஆகவே தம்பி, கல்லூரியில் சொல்வதும் மாமா சொல்வதும் நேரெதிர் இல்லை. இனி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் மாற்றும்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். 2022 ஆகஸ்ட்டில் மதுரையிலேயே வந்து கேட்டார்கள். வரைவு வெளியானால் எழுத்தில் அனுப்பலாம், வக்கீல் வேண்டியதில்லை. பெரிய தரவு மையங்களைத் தனி நுகர்வோர் வகையாகப் பிரிக்கவும், நீண்டகால டிமாண்ட் உறுதி வாங்கவும், நெருக்கடி நேரக் குறைப்பை ஒப்பந்தத்தில் சேர்க்கவும் கேளுங்கள். கூடவே மாமாவின் பில்லில், ஆர்டர் இல்லாமல் பட்டறை மூடிக்கிடந்த ஒரு மாதத்துடையதை நகல் எடுத்து இணையுங்கள். டிமாண்ட் கட்டணம் இருக்கும் வரியின் கீழே பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.